கன்றும் காலமும்

உத்திரமேரூர் என்னும் பெயரைக் கேட்டதும் குடவோலை நினைவுக்கு வராத தமிழர் இலர். பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்துவிட்ட செய்தி அது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும் இச்சிற்றூரின் பெயர் தலைநகரில் ஒலித்தது. மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்று தேடுவோர் அனைவரும் அவ்வூரின் கற்சுவரைச் சுட்டிக்காட்டுகின்றனர். சுட்டிக்காட்டுவதில் தவறில்லை. ஆனால் அதே சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் மற்றொரு சொல்லை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. ‘தோட்ட வாரியம்’ என்பதே அச்சொல்.

தோட்டத்தைப் பேணுவதற்கு ஊர்ச் சபை ஒரு தனிக் குழுவை அமைத்தது. அக்குழுவுக்கு ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுக்கும் முறையை அரசனின் ஆணையோடு கல்லில் வெட்டி வைத்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த இச்செயல், மரம் வளர்ப்பதைப் பற்றி மட்டுமன்றி மனிதரை வளர்ப்பதைப் பற்றியும் நமக்குச் சில உண்மைகளைக் கூறுகிறது.

உத்திரமேரூர் பல்லவர் காலத்து ஊர். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக உருப்பெற்றது. பின்னர் சோழர் ஆட்சியின்கீழ் வந்தது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிய முதல் ஆணை பொறிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 921இல், அதைத் திருத்தி விரிவாக்கிய இரண்டாம் ஆணை பொறிக்கப்பட்டது. இவ்விரண்டும் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் உள்ளன. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை ஆராய்ந்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்ட பின்னரே உலகம் இவற்றின் அருமையை அறிந்தது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வட்டம் என்று கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையோர் அனைவரும் கூடியிருக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். உரக்கப் படிக்க வேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க இடமில்லாமற் செய்த ஏற்பாடு அது. இவ்வாறு குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்ந்தனர்.

இந்த 30 பேரை எப்படிப் பகிர்ந்தனர் என்பதில்தான் நம் கருத்து ஊன்ற வேண்டும். 12 பேர் ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்துக்கு. 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. 6 பேர் ஏரி வாரியத்துக்கு. மூன்றனுள் தலைமையானது சம்வத்சர வாரியம். அதற்கு யாரை எடுப்பது? முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள் ஆகியோரை எடுக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு.

ஊர்க் காரியங்களுக்குத் தலைமை ஏற்பவன் முதலில் மரத்தோடும் நீரோடும் பழகியிருப்பது ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டது. இதன் காரணத்தைக் கல்வெட்டு விளக்கவில்லை; ஆனால் கன்று வளர்த்தவர்களுக்கு அது விளங்காமற் போகாது. கன்றை அதட்டி வளர்க்க இயலாது. இன்று நீர் ஊற்றிவிட்டு நாளை கனி கேட்கவும் இயலாது. ஒருநாள் பத்துக் குடம் ஊற்றிவிட்டு ஒன்பது நாள் மறந்திருப்பவனைவிட, நாளுக்கு ஒரு குடம் ஊற்றுபவனே கன்றைக் காப்பவன். ஏரிக் கரையும் அவ்வாறே. மழைக்கு முன்பே அதைக் காண வேண்டும். உடைந்த பின் ஓடுவதில் பயனில்லை. இவ்விரு பள்ளிகளிலும் பயின்றவனிடம் மனிதர்களின் வழக்குகளை ஒப்படைத்தால், அவன் பதறமாட்டான் என்று அந்தச் சபையோர் எண்ணியிருக்க வேண்டும்.

மற்றொன்றையும் நோக்குக. வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள்கள். ஒரு முறை பணியாற்றியவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வர இயலாது. 360 நாளில் எந்த மாங்கன்றும் காய்ப்பதில்லை. எந்தப் புளியங்கன்றும் நிழல் தருவதில்லை. எனவே தோட்ட வாரியத்தில் அமர்ந்த ஒவ்வொருவரும், முன்னவர் வைத்ததைக் காத்துப் பின்னவர் துய்ப்பதற்காக விட்டுச் சென்றனர். தம் பெயர் நிலைக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் நட்டிருக்க முடியாது.

கணக்குக் காட்டாதவரைப் பற்றிய விதியோ மிகக் கடுமையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர் பலரும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவராயினர். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. நம் மார்க்கம் ‘அமானத்’ என்று அழைக்கும் நம்பிக்கைப் பொறுப்பை அந்த ஊரார் தம் வழியில் இவ்வாறு காத்தனர்.

வரலாற்றை எழுதுவோர் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தலாகாது. அந்தக் குடத்தில் எல்லோர் பெயரும் இடம்பெறவில்லை. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டியவராக, வேதக் கல்வி பெற்றவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவராக இருக்க வேண்டும் என்பது 921ஆம் ஆண்டு விதி. கற்றவர்க்கு நில அளவில் சிறிது சலுகை இருந்தது; அவ்வளவே. அது அந்தணர் சபை. குழி தோண்டியவரும் குடம் சுமந்தவரும் பெண்டிரும் அதற்குப் புறம்பே நின்றனர். மனிதர் யாவரும் ஒரு தாய் தந்தையரின் மக்கள் என்று நம்பும் நாம் இக்குறையைக் காணாதிருக்க இயலாது. எனினும், நல்லதை எவரிடத்தும் கற்பது நம் முன்னோர் நெறி.

உத்திரமேரூரில் இவ்வாணைகள் பொறிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், உலகின் மேற்குக் கோடியில் கொர்தோவாவில் மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஆண்டுகொண்டிருந்தார். 912 முதல் 961 வரை நீண்ட ஆட்சி அவருடையது. அவருடைய மரபின் மூதாதையான முதலாம் அப்துர் ரஹ்மானைப் பற்றி அந்தலூஸ் வரலாற்றாசிரியர்கள் கூறும் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகப் பொருந்தும். சிரியாவிலிருந்து அவருக்கு மாதுளம்பழங்கள் கொண்டுவரப்பட்டன. தாய்நாட்டை இழந்து வந்த அவர், அவற்றை அவையோர்க்குக் காட்டி மகிழ்ந்தார். ஸஃபர் என்னும் பெயருடைய ஒருவர் தமக்குக் கிடைத்த பழத்தை எடுத்துச் சென்று, தம் ஊரில் விதைகளை ஊன்றி, கன்றாக்கி, மரமாக்கி, அது பழுக்கும் காலம் வரை காத்திருந்து, அந்தப் பழங்களோடு மன்னரிடம் திரும்பி வந்தார். மன்னர் வியந்து அம்மரத்தின் வழித்தோன்றல்களைத் தம் ருஸாஃபா தோட்டத்தில் நடுவித்தார். அம்மாதுளை ‘ஸஃபரீ’ என்றே பெயர் பெற்றது. அவையில் அன்று அப்பழத்தைச் சுவைத்தவர் பலர்; அவர்களுள் விதையை ஊன்றிக் காத்திருந்தவர் பெயரே மரத்தின் பெயராக நின்றது.

இந்தப் பொறுமை பின்னர் ஒரு கல்வியாகவே வளர்ந்தது. பதினொன்றாம் நூற்றாண்டில் தொலைதோவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸாலும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில்லில் வாழ்ந்த இப்னுல் அவ்வாமும் வேளாண்மை பற்றிப் பெருநூல்கள் இயற்றினர். மண்ணின் வகைகள், நாற்றங்கால், கன்றை இடம் மாற்றி நடுதல், ஒட்டுக் கட்டுதல், கிளை கழித்தல் ஆகியவற்றை அவர்கள் விரித்துரைத்தனர். இப்னுல் அவ்வாமின் நூல் 1802இல் ஸ்பானிய மொழியில் அச்சேறியது. எழுதப்பட்டு ஆறு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் உழவர்க்குப் பயன்படும் என்று கருதியே அதை மொழிபெயர்த்தனர்.

இவர்களுக்கெல்லாம் தூண்டுதலாய் அமைந்தது மதீனத்து மண்ணில் நிகழ்ந்த ஒரு நடவு. ஸல்மானுல் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அடிமைத் தளையில் இருந்தார்கள். அவர்களுடைய விடுதலைக்கு உரியவன் விதித்த விலையில் 300 பேரீச்சங் கன்றுகளை நட்டுக் கொடுப்பதும் ஒன்று. தோழர்கள் முப்பதும் இருபதும் பத்துமாகத் தம்மால் இயன்ற கன்றுகளைக் கொண்டுவந்தார்கள். ஸல்மான் (ரலி) குழிகளைத் தோண்டினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே கன்றுகளை நட்டார்கள். ஒரு மனிதனின் விடுதலை கன்றுகளின் உயிரோடு பிணைக்கப்பட்டிருந்தது. மரம் நடுபவனின் விளைச்சலிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாகும் என்றும், மறுமை நேரம் வந்துவிட்ட போதிலும் கையில் கன்று இருக்குமாயின் நட்டுவிட வேண்டும் என்றும் பெருமானார் போதித்ததை நாம் அறிவோம். பலனைக் காண்பது நம் கையில் இல்லை. நடுவது நம் கையில் உள்ளது.

கிழக்கு நாடுகள் இதே பொறுமையை வேறொரு வடிவில் வளர்த்தன. ‘போன்சாய்’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். அக்கலையின் ஊற்று சீனம். 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் அமைந்த தட்டை ஏந்தி நிற்கும் ஏவலரைக் காணலாம். ஜப்பானில் 1309ஆம் ஆண்டுச் சுருள் ஓவியம் ஒன்றில் தட்டில் வளர்ந்த மரங்கள் தீட்டப்பட்டுள்ளன. போன்சாய் என்பது குட்டையான சாதி மரம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. காட்டில் ஓங்கி வளரும் அதே மரத்தின் கன்றுதான் அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்து, வேரைக் கத்தரித்து, மண் மாற்றி, கிளையைக் கம்பியால் மெல்ல வளைத்து, தளிரைக் கிள்ளி வளர்க்கின்றனர். நம் நாட்டு ஆலும் அரசும் அத்தியும் இம்முறைக்கு நன்கு இசைகின்றன.

ஹிரோஷிமா நகரில் யமாகி குடும்பத்தாரிடம் ஒரு வெள்ளைப் பைன் மரம் இருந்தது. 1625இலிருந்து தட்டில் வளர்க்கப்பட்டு வந்த மரம் அது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அந்நகர் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, தோட்டத்துச் சுவரின் மறைவில் அம்மரம் பிழைத்தது. 1976இல் அக்குடும்பத்தார் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாக அளித்தனர். குண்டுக்குத் தப்பிய மரம் அது என்பதைக்கூட அவர்கள் அப்போது பறைசாற்றவில்லை. 2001இல் அவர்தம் பேரப்பிள்ளைகள் அம்மரத்தைக் காணச் சென்றபோதே வாஷிங்டன் தோட்டத்தார் அதன் கதையை அறிந்தனர்.

குண்டுக்குத் தப்பிய அந்த மரம் ஒருவாரம் நீரின்றி விடப்பட்டால் பட்டுப்போகும். காட்டு மரத்துக்கு மழை உண்டு. தட்டு மரத்துக்கு மனிதக் கை ஒன்றே துணை. நானூறு ஆண்டுகள் அது வாழ்ந்தது என்றால், அத்தனை ஆண்டுகளும் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொறுப்பு இடையறாமல் மாறி வந்தது என்பதே பொருள். தனிக் கையால் இயலாத அத்தொடர்ச்சியைச் சபையின் வாயிலாக ஏற்படுத்த உத்திரமேரூரார் முயன்றனர். வாரியம் கூடிய காலம் வரை தோட்டத்துக்கு ஒரு கை இருந்தது. பின்னர்ச் சபை மறைந்தது, வாரியமும் மறைந்தது. கல் மட்டும் எஞ்சியுள்ளது.

இப்போது நம்மைப் பார்ப்போம். நம் ஊர்களில் மரநடு விழாக்களுக்குக் குறைவில்லை. பள்ளிவாசல் வளாகத்திலும் கபுருஸ்தானிலும் மதரஸா முற்றத்திலும் தலைவர்கள் கன்று நடுகின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர். முதல் கோடையில் சில வாடுகின்றன; இரண்டாம் கோடையில் வேலிக்குச்சிகள் மட்டும் நிற்கின்றன. காஞ்சிபுரம் பகுதியின் வெயிலை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. கன்றின் அருகே மண்பானையைப் புதைத்து, அடியில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பி வைத்தால் வேர் மெல்ல மெல்லப் பருகிக்கொள்ளும். இது செலவில்லாத பழைய முறை. ஆனால் பானையை நிரப்ப ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் நம்மிடம் குறைந்துள்ளது.

நம் முன்னோர் வக்ஃபு செய்துவிட்டுச் சென்ற தோப்புகளும் தோட்டங்களும் எத்தனை? மரம் வைத்தவர் மண்ணுக்குள் இருக்கிறார். அவருக்குரிய நன்மையின் ஊற்று மண்ணுக்கு மேல் வாடிக்கொண்டிருக்கிறது. அதைக் காக்கத் தவறுவது மரத்துக்கு மட்டும் இழைக்கும் தீங்கன்று. மறைந்தவருக்கு இழைக்கும் தீங்குமாகும்.

ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு தோட்ட வாரியத்தை அமைத்துக்கொள்ளலாம். பெரிய மன்றம் வேண்டுவதில்லை. இளைஞர் சிலர் போதும். ஆளுக்கு மூன்று கன்றுகளைப் பொறுப்பில் விடலாம். ஆண்டு முடிவில் ஜமாஅத்தின்முன் எத்தனை வாழ்ந்தன, எத்தனை பட்டன என்று அவர்கள் கணக்குக் கூறட்டும். மூன்று கோடைகளில் கன்றுகளைக் காத்துக் காட்டியவர்களை, நாளை பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அழைக்கலாம். அந்தப் பழைய குடத்தில் இடம்பெறாத ஏழையின் மகனும் இதில் இடம்பெறுவான். வீட்டு முற்றத்தில் கன்று காக்கும் நம் பெண்மக்களும் இடம்பெறுவர். அவ்வாறு செய்தால், உத்திரமேரூர்க் கல் கூறிய நல்லதை ஏற்று, அதன் குறையையும் நாம் நிறைவு செய்தவர்களாவோம்.

நட்ட கன்றின் நிழலில் நாம் அமர்வோமா என்பதை இறைவன் ஒருவனே அறிவான். இன்று மாலை அதற்கு நீர் ஊற்றினோமா என்பது நமக்குத் தெரியும். மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் அதுவாகவே இருக்கும்.