குழந்தைகளின் முதுகெலும்புப் பக்கவளைவு

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும் நிலை முதுகெலும்புப் பக்கவளைவு. மருத்துவ வழக்கில் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் இப்பெயர் பொருந்தும். பதின்பருவத்தினரில் 100க்கு 2 அல்லது 3 பேரிடம் இது காணப்படுகிறது; அவர்களுள்ளும் சிலருக்கே சிகிச்சை தேவைப்படும். உடல் வளர்ந்துகொண்டிருக்கும் வரைதான் உடலைச் சுற்றி அணியும் பிரேஸ் என்னும் தாங்கி பலன் தரும் என்பதால், காலத்தே கண்டறிவது பாதி வைத்தியம்.

வகைகளும் காரணங்களும்

பிள்ளைகளிடம் காணும் பக்கவளைவுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குத் திட்டமான காரணம் தெரிவதில்லை. தொடங்கும் வயதைக் கொண்டு இவ்வகையை மூன்றாகப் பிரிப்பர்: 3 வயதுக்குள் வருவது, 4 முதல் 9 வயதுக்குள் வருவது, 10 வயதிலும் அதற்குப் பின்னும் வருவது. இவற்றுள் மூன்றாவதே மிகுதி. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதால் மரபணுக்களுக்குப் பங்குண்டு எனத் தெரிகிறது. சிறு வளைவுகள் இருபாலருக்கும் ஏறக்குறைய சமமாக வரும். 30 டிகிரியைக் கடந்த வளைவுகளோ பெண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம்.

பிறவி வகையில், கருவின் முதல் சில வாரங்களிலேயே ஒரு முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருக்கும். அல்லது அடுத்தடுத்த முள்ளெலும்புகள் பிரியாமல் ஒட்டியிருக்கும். அதே காலத்தில் உருவாகும் இதயம், சிறுநீரகம், தண்டுவடம் ஆகியவற்றிலும் குறை இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் சோதிப்பது அவசியம். மூளை முடக்குவாதம், டுஷேன் தசைச்சிதைவு போன்ற நோய்களில் தசைகள் முதுகைத் தாங்க வலுவின்றிப் போவதால் வளைவு வருகிறது. மார்ஃபான் போன்ற மரபு நோய்களோடு சேர்ந்து வருவதும் உண்டு.

கனத்த புத்தகப் பையோ, கோணலாக உட்காருவதோ, ஒருக்களித்துப் படுப்பதோ இந்நோயை உண்டாக்குவதில்லை. பெற்றோர் தம்மையோ பிள்ளையையோ நொந்துகொள்ள இதில் ஒன்றுமே இல்லை.

அறிகுறிகள்

ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு புடைத்திருத்தல், இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியிருத்தல், அளவெடுத்துத் தைத்த பாவாடையின் விளிம்பு ஒரு புறம் ஏறி நிற்றல் ஆகியவை முதல் தடயங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. பிள்ளைகள் தாமே குளித்து உடை மாற்றும் வயதில் இது வருவதால், அவர்கள் முதுகு பெற்றோர் கண்ணில் படுவதும் அரிது. ஆகவேதான் வளைவு பெருத்த பிறகே பலர் மருத்துவரிடம் வருகிறார்கள்.

கண்டறிதல்

ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த சோதனை இன்றும் பயன்படுகிறது. பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளை இணைத்துக்கொண்டு முன்னால் குனிய வேண்டும். பின்னாலிருந்து பார்க்கையில் முதுகின் ஒரு பக்கம் மேடிட்டிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலேயே பெற்றோர் இதைச் செய்து பார்க்கலாம்.

எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் முறையை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் வகுத்தார். வளைவின் இரு முனைகளிலும் மிகுதியாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளின் விளிம்பையொட்டி வரையும் கோடுகளுக்கு இடைப்பட்டது காப் கோணம். இந்த அளவீட்டில் 5 டிகிரி வரை முன்பின்னாக வரலாம். எனவே இரண்டு, மூன்று டிகிரி கூடியதாகக் கேட்டதும் கலங்க வேண்டியதில்லை. கடும் வலி, வேகமாகக் கூடும் வளைவு, 10 வயதுக்குள் தொடங்குதல், காலில் பலவீனம் ஆகியவை இருந்தால் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பர்.

வளர்ச்சியும் வளைவும்

வளைவு பெருகுமா என்பதை அதன் இப்போதைய அளவும், பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதி என்பதும் தீர்மானிக்கின்றன. பெண் பிள்ளைகள் பூப்பெய்துவதற்குச் சற்று முன்புதான் மிக வேகமாக உயரம் கூடுகிறார்கள். பூப்பெய்திய பின் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வளர்ச்சி அடங்கிவிடும். எனவே இன்னும் பூப்பெய்தாத 11 வயதுச் சிறுமியின் 25 டிகிரி வளைவு, 16 வயதுப் பெண்ணின் அதே வளைவைவிடக் கவலைக்குரியது.

சிகிச்சை

வளைவு 25 டிகிரிக்குள் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துக் கண்காணிப்பதே போதும்.

வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு வளைவு 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் பிரேஸ் அணிவிப்பர். முதுகை முற்றிலும் நிமிர்த்துவது இதன் நோக்கமன்று. வளைவை மேலும் பெருகாமல் தடுப்பதே நோக்கம். 1940களில் வந்த மில்வாக்கி பிரேஸ் கழுத்து வரை நீண்டிருந்தது. 1970களில் வந்த பாஸ்டன் பிரேஸை உடைக்குள் மறைத்து அணியலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காடு, அணியாதோரில் 48 விழுக்காடு. நாளுக்குச் சுமார் 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கும் மேல் தப்பினர். வெயில் நாடுகளில் வியர்வையும் புழுக்கமும் பிள்ளையை வாட்டும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் அணிவிப்பதும், கண்டிக்காமல் பேசிப் புரியவைப்பதும் உதவும்.

மிகச் சிறு குழந்தைகளுக்கு உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போடும் முறையை லண்டனில் பணியாற்றிய மருத்துவர் மின் மேத்தா வளர்த்தெடுத்தார். தக்க வயதில் தொடங்கினால் சில குழந்தைகளின் முதுகு முழுதும் நேராகிவிடும். ஜெர்மனியின் கேத்தரினா ஷ்ரோத் உருவாக்கிய மூச்சு, உடற்பயிற்சிகள் துணைச் சிகிச்சையாகின்றன. அவை பிரேஸுக்கு மாற்றல்ல. நீவியும் தட்டியும் வளைவை நிமிர்த்துவதாகச் சொல்வதற்குச் சான்றில்லை. அவற்றில் கழியும் மாதங்கள் வளர்ச்சிக் காலத்தைத் தின்றுவிடும்.

வளைவு 50 டிகிரியை நெருங்கினால் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். ஹூஸ்டனில் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக பால் ஹாரிங்டன் 1950களில் உலோகத் தண்டு பொருத்தத் தொடங்கினார். இன்று முள்ளெலும்புகளில் திருகுகளை ஏற்றி, இரு தண்டுகளோடு இணைத்து, அப்பகுதியை ஒரே எலும்பாக ஒட்டச் செய்கிறார்கள். அறுவையின்போது தண்டுவட நரம்புகளின் சைகைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதால் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு வளர வளர நீட்டக்கூடிய தண்டுகளைப் பொருத்துவர்.

பிற்கால வாழ்க்கை

வளர்ச்சி முடிந்தபோது 30 டிகிரிக்குள் இருக்கும் வளைவு பிறகு பெருகுவது அரிது. 50 டிகிரியைக் கடந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி கூடலாம். மார்புப் பகுதி வளைவு மிகவும் பெருத்தால் நுரையீரலை நெருக்கும். பக்கவளைவு உள்ள பெண்களில் பெரும்பாலோர் இயல்பாகக் கருவுற்றுப் பிள்ளை பெறுகிறார்கள். பிரேஸ் அணியும் பிள்ளையும் ஓடலாம், நீந்தலாம், ஆடலாம். விளையாட்டைத் தடுக்கத் தேவையில்லை. உருவத்தைப் பற்றிய கூச்சமும் கேலியும் பல பிள்ளைகளை வலியைவிட அதிகம் வருத்துகின்றன. ஆதலால் வீட்டாரும் ஆசிரியர்களும் தரும் ஆதரவு இச்சிகிச்சையின் ஒரு பகுதியே.