நாயும் உண்டு, கல்லும் உண்டு

"கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்." நாயை அடிக்கக் கல் தேடுறவன் சொல்றதாத்தான் நாம இதைப் புழங்கிட்டு வர்றோம். அப்படி இல்லை, இது கல்லில் செதுக்கின நாயைப் பற்றினது, நாயாப் பார்த்தா கல் மறையும், கல்லாப் பார்த்தா நாய் மறையும்னு விளக்கம் சொல்றவங்களும் உண்டு. எது சரின்னு இங்கே பட்டிமன்றம் வைக்கப் போறதில்லை :-)

ஆனா திருவண்ணாமலைப் பக்கம் நாயும் கல்லும் சேர்ந்தே கிடைக்கிற இடம் ரெண்டு இருக்கு. இரண்டுக்கும் நடுவுல சுமார் 1300 வருஷம். கண் தெரியாத, வயசான, யாருக்கும் வேலைக்கு ஆகாத ஒரு நாய்க்கு வீடு கிடைக்குமாங்கிற கேள்விக்கு இந்த ரெண்டு கல்லும் வேற வேற பதில் சொல்லுது.

முதல் கல் எடுத்தனூர் நடுகல். செங்கம் வட்டாரம், இன்றைய திருவண்ணாமலை மாவட்டம். செங்கம் பகுதியில நடுகற்கள் குவியல் குவியலாக் கிடைச்சு, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்'னு தனிப் புத்தகமே போட்டது. எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனோட 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. மாமல்லபுரத்துல இன்னிக்கு நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ரதம் எல்லாம் பெரும்பாலும் இதுக்குப் பிறகு வந்தது.

கருந்தேவகத்தின்னு ஒரு வீரன் எருமைகளுக்காக நடந்த சண்டையில செத்துப் போறான். அவனுக்கு எடுத்த கல் இது. அதுல அவன் பக்கத்துல ஒரு நாயும் செதுக்கியிருக்கு. அதோட நிக்கலை. கோவிவன்ங்கிற நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னதுன்னு தனியா எழுத்தும் வெட்டி வச்சிருக்காங்க. பல்லவர் காலத்துல எத்தனையோ ஆயிரம் மனுஷங்க பிறந்து, உழுது, செத்திருப்பாங்க. அவங்க பேர் எதுவும் நமக்குத் தெரியாது. ஒரு நாயோட பேர் தெரியும். கோவிவன். முதல்தடவை படிச்சப்போ எனக்கு நிஜமாவே சிலிர்த்துப் போச்சு.

ஆனா கவனிங்க, கோவிவனுக்குக் கல் கிடைச்சது அவன் வேலை பார்த்ததால. கள்ளனைக் கடிச்சான், காவல் நின்னான். அதே கோவிவன் கண்ணு மங்கி, மூட்டு தேய்ஞ்சு, பத்து வயசுல ஒரு மூலையில படுத்திருந்தா யார் கல் வெட்டியிருப்பா? நாய்க்கும் மனுஷனுக்கும் இடையில நம்ம ஊரில் இருந்த ஒப்பந்தம் இதுதான். நீ காவல் பாரு, நான் மிச்சச் சோறு போடறேன். ரொம்ப நியாயமான ஒப்பந்தம்தான். ஆனா அதுல பென்ஷன் கிடையாது.

ரெண்டாவது கல்லுக்கு வருவோம். ரமணாசிரமத்துக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க, லட்சுமிங்கிற பசு, வள்ளிங்கிற மான், ஒரு காக்கா, ஜாக்கிங்கிற நாய், இவங்களுக்கெல்லாம் அங்கே சமாதி இருக்கு. லட்சுமி இறந்தது 1948 ஜூன் 18. ஆன்மிகத்துல எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது, அதனால தத்துவப் பக்கம் போகலை. அந்த இடத்தில் நாய்களை எப்படி வச்சிருந்தாங்கங்கிறது மட்டும்தான் என் ஆர்வம்.

ரமணர் 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர். விருபாட்ச குகை, அப்புறம் 1916 வாக்கில் ஸ்கந்தாசிரமம், 1922 கடைசியில மலையடிவாரம். கூடவே எல்லாக் கட்டத்திலும் நாய்கள். மலை மேல இருந்த காலத்துல கமலான்னு ஒரு பெண் நாய். புதுசா யாராவது வந்தா, இவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வான்னு ரமணர் சொல்வாராம். அது அவங்களை மலையைச் சுத்தி ஒவ்வொரு தீர்த்தமாக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். இலவச கைடு!

கமலாவும் ஒரு வகையில வேலை பார்த்த நாய்தான். ஜாக்கி கதை வேற. ஜாக்கி நோயில விழுந்தப்போ ரமணரே மெத்தை போட்டுப் படுக்க வச்சுப் பார்த்துக்கிட்டதாவும், நோய் முத்தி உடம்பு நாற்றம் எடுத்த பிறகும் மடியிலயும் மார்புலயும் வச்சுத் தடவிக் கொடுத்ததாவும், கடைசி மூச்சு அவர் கையிலேயே போனதாவும் கூட இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் முறைப்படி அடக்கம், சமாதி. ஜாக்கி எந்தக் கள்ளனையும் கடிச்சதா யாரும் எழுதலை.

இன்னும் ரெண்டு விஷயம் ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதின வாழ்க்கை வரலாற்றுல வருது. ஆசிரமத்துல சாப்பாட்டு வேளையில முதல்ல நாய்கள், அப்புறம் பிச்சைக்காரங்க, கடைசியிலதான் பக்தர்கள். இது ஒண்ணு. இன்னொண்ணு, ரமணர் எந்த விலங்கையும் 'அது'ன்னு சொல்ல மாட்டாராம். அவன், அவள்தான். நாய்களைப் 'பசங்க'ன்னுதான் கேட்பாராம். ஸ்கூல்ல இலக்கணம் படிச்சவங்களுக்கு இதோட கனம் புரியும். நாய் அஃறிணை, சந்தேகமே கிடையாது, தப்பா எழுதினா மார்க் போயிடும். அந்த விதியை ஒருத்தர் தினமும் சாப்பாட்டு நேரத்துல மீறிக்கிட்டு இருந்திருக்கார். (மேலே நானும் கோவிவனை 'அவன்'னு எழுதிட்டேன், பார்த்தீங்களா?)

இது ஏதோ ஒரு சாமியார் கதைன்னு ஒதுக்கிடக் கூடாது. வெளியில நிலைமை என்னன்னு பாருங்க. பம்பாயில் வெள்ளைக்காரன் தெருநாய்களைக் கொல்ல ஆரம்பிச்சு, 1832 ஜூன் மாசம் பார்சிகள் தெருவில இறங்கிக் கலவரமே ஆச்சு. அதுக்குப் பிறகுதான் 1834-ல் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முன்னே நின்னு பாஞ்சராபோல்ங்கிற விலங்குக் காப்பகத்தை உண்டாக்கினாங்க. நம்ம சென்னையில மாநகராட்சி நாய்களைப் பிடிச்சுக் கொல்றது 1990-கள் வரைக்கும் நடந்தது. கொல்லாதீங்க, கருத்தடை செஞ்சு விடுங்கன்னு புளூ கிராஸ் 1964-லேயே சொல்லியும், மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! அப்புறம் 2001-ல் மத்திய அரசு விதி, அதுக்குப் பதிலா 2023-ல் புது விதி. ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான். பிடி, கருத்தடை பண்ணு, ஊசி போடு, பிடிச்ச இடத்துலயே விடு.

இந்தக் கடைசி வரியிலதான் கண் தெரியாத நாய் மாட்டிக்குது. பிடிச்ச இடத்துல விட்டா அதுக்கு என்ன ஆகும்?

அடி அண்ணாமலையையே எடுத்துக்குங்க. மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதை மேலேயே இருக்கிற ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில், மாணிக்கவாசகர் சந்நிதி. பௌர்ணமி அன்னிக்கு 14 கிலோமீட்டரும் மனுஷத் தலைதான். கார்த்திகை தீபம்னா கேட்கவே வேண்டாம். கண்ணு தெரிஞ்ச நாய் முன்கூட்டியே மோப்பம் பிடிச்சு ஏதாவது திண்ணைக்கு அடியில ஒதுங்கிடும். கண்ணு தெரியாத நாய் தன் தெருவை வாசனையாலயும் சத்தத்தாலயும்தான் தெரிஞ்சு வச்சிருக்கு. லட்சம் கால் மிதிச்சுப் போன ராத்திரியில அந்த ரெண்டுமே குழம்பிப் போயிடும். மிச்ச நாள்ல பைக், பஸ், மூடாத கிணறு.

அங்கே ஒரு நண்பர் இப்படி ஒரு நாய்க்கு வீடு தேடிட்டு இருக்கார். கேட்கிறவங்க எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, "காவல் காக்குமா?" கோவிவன் காலத்துக் கேள்வி அப்படியே இருக்கு.

காக்காது. ஆனா அதுக்கு வீடு கொடுக்கிறது நாம நினைக்கிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை. ரோபோ ஆராய்ச்சி பண்றவங்க மேப்பிங்னு சொல்வாங்களே, கண் தெரியாத நாய் சில வாரத்துல வீட்டை அப்படி மேப் போட்டுடும். தண்ணிக் கிண்ணம் எங்கே, வாசப்படி எங்கே, எத்தனை அடியில சுவர். முதல்ல ஒரு ரூம் மட்டும் பழக்கணும். கிண்ணத்தையும் நாற்காலியையும் தினம் இடம் மாத்தக் கூடாது. தொடுறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடணும், திடீர்னு தொட்டா பயத்துல கடிக்கும். மாடிப்படிக்கும் கிணத்துக்கும் தடுப்பு, வெளியில போனா கயிறு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாம. ஒண்ணை முதல்லயே செய்யணும், டாக்டர்கிட்ட காட்டணும். கண்புரைன்னா சில நாய்க்கு ஆபரேஷன்ல பார்வை திரும்பும். சர்க்கரை வியாதி, உண்ணிக் காய்ச்சல் மாதிரி உள்ளே வேற காரணம் இருந்தா அதுக்கு வைத்தியம் பார்க்காம கண்ணை மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

காப்பகம் இருக்கே, அங்கே விட்டா என்னன்னு கேட்கலாம். திருவண்ணாமலையில அருணாசலா விலங்குகள் சரணாலயம்னு 2000-களில் தொடங்கின ஒரு நல்ல இடமும் இருக்கு. ஆனா நூறு நாய் இருக்கிற எந்த இடத்துலயும் சத்தமும் வாசனையும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், மேப் போடறது கஷ்டம். தவிர, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இடங்கள்ல பிடிச்ச நாய்களைத் திரும்ப அங்கேயே விட வேண்டாம், காப்பகத்துல வைங்கன்னு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. காப்பகத்துல இடம் இன்னும் நெருக்கடியாகும். வரிசையில கடைசியா நிக்கப் போறது கிழடும் குருடும்தான்.

அதனால வீடுதான் வேணும். தோட்டம் பங்களா எல்லாம் வேண்டாம், நாற்காலி நகராத ஒரு சின்ன வீடு போதும். பகல்ல ஒருத்தர் வீட்டுல இருந்தா நல்லது. பெரியவங்க இருக்கிற வீடுன்னா இன்னும் பொருத்தம், ரெண்டு பேருக்கும் வேகம் ஒண்ணா இருக்கும் :-)

யாருக்காவது தோணினா சொல்லுங்க, நண்பர்கிட்ட சேர்த்து விடறேன். அப்படியே உங்க ஊர்ப் பக்கம் நாய் செதுக்கின நடுகல் எங்கேயாவது பார்த்திருந்தா அதையும் எழுதுங்க. பேரோட இருந்தா ரொம்ப சந்தோஷம்.