கரி வடிகட்டி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

நம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு குழாயில் கறுப்பாகக் கரித்துகள் நிரப்பியிருப்பார்கள். ஆக்டிவேட்டட் கார்பன் என்பது இதுதான். இது இருந்தாலே தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கரியைப் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரிக்கிறார்கள். சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 முதல் 1000 டிகிரி வரையிலான வெப்பத்தில் அதனுள் நீராவியைச் செலுத்துவார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. ஒரே ஒரு கிராம் கரியின் உள்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். அதாவது, ஏறக்குறைய 25 சென்ட் நிலம்!

தண்ணீரோ காற்றோ இந்தத் துளைகள் வழியாகப் போகும்போது, அதிலுள்ள சில வேதிப்பொருட்கள் கரியின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதல்ல இது. பரப்பின்மேல் ஒட்டுவது மட்டுமே. இடம் நிரம்பிவிட்டால் அதற்குமேல் ஒட்டாது. பூச்சிமருந்து எச்சம், கெட்ட வாடை, நிறம் ஆகியவை இப்படித்தான் குறைகின்றன. குளோரின் மட்டும் கரியோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடும்.

ஆனால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு போன்றவை தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் சாதாரணக் கரி வடிகட்டியை மட்டும் நம்பக் கூடாது. ஆர்.ஓ. போன்ற வேறு முறை வேண்டும். (விற்பனையாளர் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துக் காட்டுவாரே, அது கரியைப் பற்றி எதுவும் சொல்லாது. கரைந்த உப்பைத்தான் அது அளக்கிறது.) கரி வேலை செய்கிறதா என்று அறிய, மீன் தொட்டிக்கு விற்கும் குளோரின் சோதனைச் சொட்டு போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வடிகட்டிய பிறகும் குளோரின் தெரிந்தால், கரியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கிருமி விஷயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கரி கிருமியைக் கொல்லாது. கிருமியைத் தடுத்துக்கொண்டிருந்த குளோரினையும் எடுத்துவிடுவதால், ஈரமான பழைய கரியிலேயே கிருமிகள் பெருகக்கூடும். ஊருக்குப் போய்ச் சில நாள் கழித்துத் திரும்பினால், முதலில் வரும் தண்ணீரைச் சில நிமிடம் திறந்து விட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரை, வடிகட்டியிருந்தாலும் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பானிலும் இதே கதைதான். தூசியைப் பிடிப்பது ஹெப்பா வடிகட்டி. மீன் பொரித்த வாடை, பெயின்ட் வாடை, புகையின் நெடி ஆகியவற்றைக் குறைப்பது கரி. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்குள் வைத்ததும் இதே கரியைத்தான். கரியைத் தூவிய மெல்லிய தாள் சீக்கிரமே நிரம்பிவிடும். துகள்களாக அடைத்தது நீண்ட நாள் உழைக்கும். ஈரப்பதம் கூடினாலும் அதன் திறன் குறையும்.

ஆனால் சாதாரணக் கரி கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. அந்த வாயுவுக்கு வாடையும் இல்லை. எனவே சுத்திகரிப்பான் ஓடுகிறதே என்று, மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ ஒருபோதும் வைக்காதீர்கள்.