ஆர்.என்.ஏ. குறுக்கீடு

ஆர்.என்.ஏ. குறுக்கீடு: செல்லுக்குள் இருக்கும் சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள், தம் எழுத்து வரிசையோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்து, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கும் செயல். துணுக்கின் நீளம் பெரும்பாலும் 20 முதல் 25 எழுத்துகள். மரபணு அழிவதில்லை, இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், அதன் பேச்சுதான் எடுபடாது. இந்நிகழ்வை வெவ்வேறு துறையினர் தனித்தனியே கண்டு, தனித்தனிப் பெயரிட்டனர். எல்லாம் ஒன்றே என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

இதன் வரலாற்றைச் சிலர் 1928இல் தொடங்குவர். வைரஸ் தாக்கிய புகையிலைச் செடியில் கீழிலைகள் நோயுற்றிருக்க, மேலே துளிர்த்தவை நலமாக வந்ததையும், அவற்றை மறுபடி நோய் பற்றாததையும் அமெரிக்கரான விங்கார்டு அவ்வாண்டு பதிவு செய்தார். இன்றைய அறிவைக் கொண்டு பின்னோக்கிப் படிக்கும் விளக்கம் இது.

தெளிவான பதிவு 1990இல் பெட்டூனியாப் பூவில் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் கரோலின் நேப்போலி, கிறிஸ்டின் லெமியூ, ரிச்சர்ட் ஜோர்கென்சன் ஆகியோர், நிறமி உருவாகத் தேவையான சால்கோன் சிந்தேஸ் நொதியின் மரபணுவை ஊதாப் பெட்டூனியாவில் கூடுதலாகப் புகுத்தினர். பூ வியாபாரத்துக்காக ஊதாவை அடர்த்தியாக்கும் முயற்சி என்று பின்னாளில் இதைக் கதையாகச் சொல்வதுண்டு. அவர்களின் கட்டுரையோ நொதி உற்பத்தியைக் கூட்ட முயன்றதாக மட்டுமே சொல்கிறது. நோக்கம் எதுவானாலும் விளைவு தலைகீழ். மரபணு புகுந்த செடிகளில் 42 விழுக்காட்டில் பூ முழு வெள்ளையாகவோ, ஊதாவில் வெள்ளைத் திட்டும் கோலமுமாகவோ மலர்ந்தது. நூற்றுக்கணக்கான ஒப்பீட்டுச் செடிகளில் ஒன்றுகூட இப்படிப் பூக்கவில்லை. வெள்ளைப் பூக்களில் செடியின் சொந்த மரபணு தரும் தூது ஆர்.என்.ஏ. ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வந்த மரபணு தானும் அடங்கி, வீட்டுக்காரனையும் அடக்கியது. சில செடிகளில் ஒரு கிளை மட்டும் மீண்டும் ஊதாவாகப் பூத்தது; அங்கே இரு மரபணுக்களும் சேர்ந்தே விழித்திருந்தன. இதற்கு 'கூட்டு ஒடுக்கம்' என்று பெயர் வைத்தனர். அதே ஆண்டில் நெதர்லாந்துக் குழு ஒன்றும் பெட்டூனியாவில் இதையே கண்டது.

இந்த வேலை இயற்கைக்குப் புதிதன்று. நட்சத்திரக் கோலமிட்ட பெட்டூனியா வகைகளில் வெள்ளைப் பட்டை விழுவதும், சோயா விதையின் தோல் கறுக்காமல் மஞ்சளாக இருப்பதும் இதே மரபணுக் குடும்பம் வாயடைக்கப்படுவதால்தான். சில வைரஸ்கள் தொற்றிய சோயாவில் விதை புள்ளி புள்ளியாகக் கறுக்கும். அடக்கும் இயந்திரத்தை வைரஸ் தன் புரதத்தால் முடக்கிவிடுகிறது.

1992இல் நியூரோஸ்போரா என்னும் ஆரஞ்சு நிறப் பூஞ்சையிலும் இது தென்பட்டு, வேறொரு பெயர் பெற்றது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கான விடை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவிலிருந்து வந்தது. 1995இல் கூவோவும் கெம்ஃபியூஸும் ஒரு மரபணுவை அடக்க, அதன் தூது ஆர்.என்.ஏ.வோடு இணையக்கூடிய எதிரிழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினர், ஒப்பீட்டுக்காகச் செலுத்திய, அப்படி இணைய முடியாத நேரிழையும் அதையே செய்து அவர்களைக் குழப்பியது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இரண்டு இழைகளையும் இணைத்துச் செலுத்த, ஒற்றை இழையைவிடப் பன்மடங்கு வலிமை தெரிந்தது. செல்லுக்குச் சில மூலக்கூறுகளே போதும். புழு வெடவெடவென்று துடித்தது, அதன் குஞ்சுகளும் துடித்தன. தசைப் புரதமொன்றின் மரபணு அடங்கியதன் அடையாளம் அது. 2006ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் இருவருக்கும் கிடைத்தது. தாவர ஆய்வாளர்களுக்கு அதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் அப்போது எழுந்தது.

1999இல் ஹாமில்டனும் பால்கோம்பும் செடிகளில் சிறு துணுக்குகளைக் கண்டனர். நீண்ட இரட்டை இழையை நறுக்கும் நொதிக்கு 2001இல் 'டைசர்' என்று பெயர் வந்தது. துணுக்கைத் தாங்கி இலக்கைத் தேடும் புரதம் ஆர்கனோட். அராபிடாப்சிஸ் செடியில் இதன் மரபணு பழுதானபோது இலைகள் குறுகி, குட்டிக் கணவாய் போலத் தோன்றியதால் அப்பெயர்.

செல் தன் தேவைக்கெனத் தானே ஆக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கதை இதற்கு இணையாக ஓடியது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் குழுக்கள் முதலாவதை அதே புழுவில் கண்டன. லெட்-7 என்னும் இரண்டாவது, மனிதர் உள்ளிட்ட பல விலங்குகளிலும் உள்ளதென்று 2000இல் தெரியும்வரை முதலாவது புழுவின் விநோதமாகவே கருதப்பட்டது. மனிதரில் இவை எத்தனை என்பதில் தரவுத்தளங்கள் ஒத்துப்போவதில்லை: கண்டிப்பான கணக்கில் சில நூறு, தாராளமான கணக்கில் 1,900க்கு மேல். பாலூட்டிகளில் குறுக்கீடு வைரஸ் எதிர்ப்பாகவும் பயன்படுகிறதா என்பதும் விவாதத்திலேயே உள்ளது.

ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் செயல்படும் முதல் மருந்தான பாட்டிசிரான், பரம்பரை அமிலாய்டு நரம்பு நோய்க்காக 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் ஊசி பின்னர் வந்தது. ஆம்ப்ரோஸும் ரவ்கனும் 2024இல் நோபல் பெற்றனர். உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு எதிராக இலைமேல் தெளிக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மருந்து ஒன்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதிவு பெற்றுள்ளது.