ஆம், இல்லை, தொடர்பில்லை: ஒரு புதிர் விளையாட்டு வளர்ந்த கதை

மதுக்கடைக்குள் ஒருவன் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். மேசைக்குப் பின்னால் நிற்பவர் சட்டென்று துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறார். வந்தவன் ‘நன்றி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். என்ன நடந்தது? விடை ஒருவருக்கு மட்டும் தெரியும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். அவரோ ஆம், இல்லை, தொடர்பில்லை என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்.

‘லேட்டரல் திங்கிங்’ புதிர்கள் என்று உலகம் இவற்றை அழைக்கிறது. பெயரைக் கொடுத்தவர் ஒருவர்; விளையாட்டை வளர்த்தவர்கள் வேறு பலர். பெயரை வைத்து வரலாறு எழுதினால் பாதி வரலாறு விட்டுப்போகும்.

பெயர் எட்வர்ட் டி போனோ கொடுத்தது. 1933இல் மால்டாவில் பிறந்த மருத்துவர் இவர். ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலும் படித்தவர். பக்கவாட்டுச் சிந்தனை (லேட்டரல் திங்கிங்) என்ற சொல்லாட்சியை 1967இல் அறிமுகப்படுத்தினார். ஒரே குழியை மேலும் மேலும் ஆழமாக வெட்டாமல் வேறோர் இடத்தில் தோண்டிப் பார்ப்பது என்பது அவர் தந்த விளக்கம். கடன்காரர், வணிகர், அவர் மகள், பைக்குள் இரண்டு கறுப்புக் கூழாங்கற்கள் என்று அவர் சொன்ன கதை புகழ்பெற்றது. ஆனால் அந்தக் கதையில் கூட்டமும் இல்லை, கேள்வி பதிலும் இல்லை. அது தனியொருவர் யோசித்து அவிழ்க்க வேண்டிய சிக்கல்.

விளையாட்டின் வேர் மிகப் பழையது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில், திருமண விருந்துக்கு வந்த 30 தோழர்களுக்குச் சிம்சோன் ஒரு விடுகதை போடுகிறான். தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடு கட்டியிருந்ததுதான் அதன் விடை. அவனைத் தவிர யாரும் பார்த்திராத நிகழ்ச்சி அது. தொல்காப்பியம் ‘பிசி’ என்று சொல்லும் நம் விடுகதைகளுக்கான விடை, சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். சிம்சோனின் விடையோ சொற்களுக்கு வெளியே, ஒரு திராட்சைத் தோட்டத்துப் பக்கம் நடந்த சம்பவத்தில் கிடந்தது. அந்த 30 பேரும் கடைசியில் அவன் மனைவியை மிரட்டித்தான் விடையைக் கறந்தார்கள். கேள்வி கேட்கலாம் என்ற விதி மட்டும் இருந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த பிற்காலத் துயரங்கள் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ!

அந்த விதியை 1843இல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ நூலில் தெளிவாகப் பார்க்கிறோம். கதைநாயகன் ஸ்க்ரூஜின் மருமகன் பிரெட் வீட்டு விருந்தில் ‘ஆம் – இல்லை’ விளையாட்டு நடக்கிறது. பிரெட் ஒன்றை நினைத்துக்கொள்கிறான். மற்றவர்கள் கேள்விகளால் துளைக்கிறார்கள். அது ஒரு பிராணி, உறுமும், லண்டனில் வாழும் என்றெல்லாம் தெரியவருகிறது. ஸ்க்ரூஜ் மாமாதான் அது என்று கடைசியில் ஒரு பெண் கண்டுபிடித்துவிடுகிறாள். உடனே ஒரு சிறு தகராறு: ‘கரடியா?’ என்று கேட்டபோது ‘ஆம்’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் மல்லுக்கு நிற்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் வானொலி இந்த விளையாட்டை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1946இல் தொடங்கிய ‘இருபது கேள்விகள்’ நிகழ்ச்சி, வான் டிவென்டர் குடும்பத்தார் தங்கள் சாப்பாட்டு மேசையில் ஆடிவந்த ஆட்டம்தான். மறு ஆண்டு பிபிசியும் தொடங்கியது. அதில் ‘மர்மக் குரல்’ ஒன்று நேயர்களுக்கு மட்டும் விடையைச் சொல்லிவிடும். நிலையத்தில் இருப்பவர்கள் தடுமாறுவதைக் கேட்டுச் சிரிப்பதே வீட்டில் இருப்பவர்களுக்கு இன்பம்.

இருபது கேள்வி ஆட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கேள்வியும் மிச்சத்தைச் சரிபாதியாக வெட்டினால், 20 கேள்விகளில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம். மதுக்கடைப் புதிரில் இந்தக் கணக்கு எடுபடாது. நடந்திருக்கக்கூடிய நிகழ்ச்சிகளின் பட்டியல் என்று ஒன்று இருந்தால்தானே பாதியாக வெட்ட முடியும்? அதனால்தான் மூன்றாவது விடை தேவைப்பட்டது. ‘இல்லை’ ஒரு வழியை மூடுகிறது. ‘தொடர்பில்லை’யோ அந்தத் திசையே வேண்டாம் என்கிறது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று சொல்லலாம்.

கூட்டத்துக்கு வேலை வருவதும் இங்கேதான். மதுக்கடைப் புதிரையே எடுத்துக்கொள்வோம். வந்தவன் திருடனா? இல்லை. இருவருக்கும் முன்பகையா? இல்லை. அவன் வழக்கமாக என்ன குடிப்பான்? அப்படிக் கேட்கக் கூடாது. அவன் பணக்காரனா? தொடர்பில்லை. துப்பாக்கி என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டவர் அதை விடவே மாட்டார். தனியாக இருந்தால் விடியும்வரை குற்றக்கதைதான் ஓடும். அதுவரை வாய் திறக்காத ஒருவர் கேட்கிறார்: தண்ணீர் செய்ய வேண்டிய வேலையைத் துப்பாக்கி செய்ததா? ஆம். அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா? ஆம். அடுத்த கேள்விக்குள் விக்கல் பிடிபட்டுவிடும். விக்கல் எடுத்த பிள்ளையை ‘எதைத் திருடித் தின்றாய்?’ என்று அதட்டித் திடுக்கிட வைக்கும் தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இது கொஞ்சம் சீக்கிரமே பிடிபடலாம்.

1994இல் பிரான்சிஸ் டர்சோவும் இரு சக ஆய்வாளர்களும் இதே புதிரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். கதைக்குத் தொடர்பான சொற்களை இணை இணையாகக் கொடுத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பங்கேற்றவர்களை மதிப்பிடச் சொன்னார்கள். விடையை நெருங்க நெருங்க, முக்கியமான இணைகள் அவர்கள் மனத்தில் படிப்படியாக ஒன்றையொன்று நெருங்கிவந்தன. பளிச்சென்று தோன்றியதாக நாம் நினைப்பதற்குப் பின்னால் மெதுவான நகர்வு ஒன்று இருந்தது.

சிதறிக் கிடந்த புதிர்களை நூல்களாக்கிப் பரப்பியதில் பால் ஸ்லோனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய முதல் தொகுப்பு 1991இல் வந்தது. அடுத்தடுத்த நூல்களில் டெஸ் மெக்ஹேல் சேர்ந்துகொண்டார். மெக்ஹேல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். ஜார்ஜ் பூலின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். சிந்தனையையே ஒன்று, சுழியம் என்று இயற்கணிதமாக்கிய பூல், 1849இல் அதே கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரானவர். ஆம், இல்லை விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஜெர்மனியில் 2004இல் ஹோல்கர் போஷ் ‘பிளாக் ஸ்டோரிஸ்’ என்ற பெயரில் 50 அட்டைகள் கொண்ட ஆட்டமாக இதைக் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் புதிர், பின்பக்கத்தில் விடை. பெரும்பாலும் சாவுக் கதைகள். ஜப்பானில் இந்த வகைக்கே ‘கடலாமை சூப்’ என்று பெயர். உணவகத்தில் அந்தச் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உயிரை விட்டவனின் புதிரால் வந்த பெயர் அது. சீனர்களும் அதே பெயரை எடுத்துக்கொண்டு, புதிரைச் சூப்பின் மேற்பரப்பு என்றும் விடையைச் சூப்பின் அடி என்றும் சொல்கிறார்கள்.

அந்தச் சூப்பை இப்போது எந்திரங்களும் ருசி பார்க்கின்றன. 2024இல் வெளிவந்த ‘டர்ட்டில்பெஞ்ச்’ என்ற சோதனை, சீன ஆட்டக்காரர்களின் 1,532 ஊகங்களைச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் சரியா தவறா என்று கேட்டது. புதிரை அவிழ்ப்பதல்ல, விடை தெரிந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதே அவற்றுக்குக் கொடுத்த வேலை. பிரெட் வீட்டில் கரடியை வைத்து எழுந்த அதே வழக்குதான். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஓ1 வரிசை மாதிரிகளும் அதில் முதலிடம் பெறவில்லை. ‘தொடர்பில்லை’ என்ற மூன்றாவது விடைக்கு அந்தச் சோதனையில் இடமே தரப்படவில்லை.