ஈஆர்பி சாஃப்ட்வேர்னா என்ன? ஏற்காடு காபி தோட்டத்தை வைத்து ஒரு எளிய விளக்கம்

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டை பக்கம் இருக்கும் ஒரு காபி எஸ்டேட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கோங்க. பறித்த பழத்தின் எடை மேஸ்திரி நோட்டில் இருக்கும். கூலிக் கணக்கு ஆபீஸில், மூட்டைக் கணக்கு குடோனில், விற்ற பில் சேலத்தில் ஆடிட்டரிடம். 'இன்னிக்கு எத்தனை மூட்டை தர முடியும்?' என்று வியாபாரி போனில் கேட்டால், எல்லா நோட்டையும் புரட்ட வேண்டும். அப்படியே புரட்டினாலும், எல்லாம் ஒரே பதிலைச் சொல்லுமா என்பது சந்தேகம்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் ஈஆர்பி. 'என்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங்' என்பதன் சுருக்கம். சிம்பிளா சொன்னா, பல நோட்டுகளுக்குப் பதில் ஒரே நோட்டு.

எப்படி வேலை செய்கிறது?

கணக்கு சாஃப்ட்வேர் முக்கியமாகப் பார்ப்பது வரவு செலவை. ஈஆர்பி-யில் கொள்முதல், இருப்பு, உற்பத்தி, சம்பளம், விற்பனை, கணக்கு எல்லாமே ஒரே தகவல் தளத்தில் இணைந்திருக்கும். ஒரு தகவலை ஒரு தடவை பதிந்தால் போதும்.

ஒரு தொழிலாளி 60 கிலோ பழம் பறித்ததாக மாலையில் தராசடியில் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பதிவு அவருடைய கூலியில் ஏறும், பல்பிங் ஷெட்டின் இருப்பில் ஏறும், அந்தப் பிளாட்டின் செலவிலும் ஏறும்.

அரபிகாவில் 1 கிலோ காபிக் கொட்டை கிடைக்க, தோராயமாக 6 கிலோ பழம் தேவை. அப்படியானால் 60 கிலோவுக்குச் சுமார் 10 கிலோ வர வேண்டும். 8 கிலோதான் வந்தது என்றால், குறைந்தது தராசிலா, காயவைக்கும் களத்திலா, குடோனிலா என்று உடனே தேடலாம். சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது தெரிந்தால் என்ன பயன்?

எப்போது வந்தது?

ஜெர்மனியில் ஐபிஎம் நிறுவனத்தை விட்டு வந்த 5 பேர் 1972-ல் தொடங்கிய 'சாப்' நிறுவனம் இந்தத் துறையின் முன்னோடி. 'ஈஆர்பி' என்ற பெயரை 1990-ல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் 1990-களிலேயே ஈஆர்பி தயாரித்தது. 2025 நவம்பரில் ஸோஹோ தன் ஈஆர்பி-யைக் கும்பகோணத்தில் அறிமுகம் செய்தது.

காபிக்கு ஏன் இப்போது முக்கியம்?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்திலிருந்தே ஏற்காட்டில் காபி விளைகிறது. இன்று இந்தியக் காபியின் பெரிய சந்தை ஐரோப்பா. அங்கே 2023-ல் ஒரு சட்டம் வந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்கக் கூடாது. விளைந்த இடத்தின் புவி அமைவிடத்தையும் காட்ட வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப்போனாலும், எந்தப் பிளாட் பழம் எந்த மூட்டையில் போனது என்ற கேள்வி வரப்போவது உறுதி. தனித்தனி நோட்டுகளை வைத்து இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

சொதப்பியவர்களும் உண்டு

அமெரிக்கச் சாக்லேட் நிறுவனம் ஹெர்ஷி, 1999-ல் ஆர்டர் குவியும் சீசனில் புது சிஸ்டத்துக்கு மாறியது. குடோனில் சரக்கு இருந்தும், 10 கோடி டாலர் அளவுக்கான ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட், சுமார் 50 கோடி யூரோ செலவான திட்டத்தை 2018-ல் கைவிட்டது. இருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடுவது லிடில் பழக்கம். சாஃப்ட்வேரோ விற்பனை விலையில் கணக்கிடுவது. அதுவே முக்கியச் சிக்கலாகச் சொல்லப்பட்டது.

சின்ன தோட்டத்துக்குத் தேவையா?

ரெண்டு மூணு ஏக்கர், ஒரே வியாபாரி என்றால் நோட்டே போதும். பல பிளாட், நிறைய ஆட்கள், காபியோடு மிளகு என்று போனால் யோசிக்கலாம். மும்பை நிறுவனத்தின் 'ஈஆர்பி நெக்ஸ்ட்' போன்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆனால் அமைத்துத் தரவும், ஆட்களுக்குச் சொல்லித் தரவும் செலவு ஆகும்.

வாங்கும் முன் கவனிக்க:

• சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்ய முடியுமா?
• திரையில் தமிழ் வருமா?
• பின்னாளில் வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால், நம் தகவல் முழுசா திரும்பக் கிடைக்குமா?
• அறுவடை நேரத்தில் மாற வேண்டாம். ஒரு மாதமாவது பழைய நோட்டையும் சேர்த்து எழுதுங்க.

இன்னொன்று ரொம்ப முக்கியம். ஒரே பதிவு எல்லா இடத்துக்கும் போவதால், தப்பான பதிவும் எல்லா இடத்துக்கும் போகும். தராசில் 60 கிலோ 50 ஆகப் பதிந்தால், முதலில் அடிபடுவது பழம் பறித்தவரின் கூலிதான். அதனால் பதிந்த எடையை அந்த இடத்திலேயே அவருக்குக் காட்டி, ஒரு சீட்டும் கொடுத்துவிடுவது நல்லது. அந்த முதல் எடை சரியாக இருந்தால்தான் மற்ற கணக்கெல்லாம் சரியாக வரும்.