புஷ்கின் சதுக்கத்து நீண்ட வரிசை

1990 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி, மொஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் சோவியத் ஒன்றியத்தின் முதலாவது மக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டது. குளிரையும் பொருட்படுத்தாது விடியுமுன்னரே மக்கள் திரண்டு நின்றனர். அன்று ஒரே நாளில் 30,000 க்கும் மேற்பட்டோர் அங்கு உணவு பெற்றனர். அந்நிறுவனத்தின் திறப்பு நாள் எதிலும் அதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

உணவுக்காக வரிசையில் நிற்பது சோவியத் மக்களுக்குப் புதிய அனுபவமல்ல. பாணுக்கும் இறைச்சிக்கும் சீனிக்கும் மணிக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள் அவர்கள். அப்படியாயின் இந்த வரிசையில் மட்டும் அப்படி என்ன புதுமை இருந்தது?

அதன் பின்னணி 1976 இல் தொடங்குகிறது. மொன்றியல் ஒலிம்பிக் போட்டிகளின்போது சோவியத் அதிகாரிகளைச் சந்தித்த, மக்டொனால்ட்ஸ் கனடா நிறுவனத்தின் தலைவர் ஜோர்ஜ் கோஹன், மொஸ்கோவில் கடை திறக்கும் எண்ணத்தை முன்வைத்தார். பேச்சுவார்த்தை பன்னிரண்டு ஆண்டுகள் இழுபட்டது. கோர்பச்சேவின் சீர்திருத்தங்கள் கதவைத் திறந்த பின்னரே, 1988 இல், மொஸ்கோ நகர நிர்வாகத்துக்கு 51 வீதமும் கனடிய நிறுவனத்துக்கு 49 வீதமும் என்ற பங்குடைமையில் கூட்டு நிறுவனம் உருவானது. அதே ஆண்டில் பெல்கிறேட்டிலும் புடாபெஸ்டிலும் மக்டொனால்ட்ஸ் கடைகள் திறக்கப்பட்டிருந்தன. எனவே சோசலிச நாடொன்றில் திறக்கப்பட்ட முதற்கடை இதுவல்ல.

பணத்தை விடப் பெரிய சிக்கல் பொருட்களைப் பெறுவதில் இருந்தது. ஒரே தரத்திலான இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தடையின்றி வழங்கக்கூடிய அமைப்பு அந்நாட்டில் இருக்கவில்லை. ஆகவே இறைச்சி பதப்படுத்துவது முதல் பணிஸ் சுடுவது வரை அனைத்தையும் செய்ய, நகரின் புறத்தே 40 மில்லியன் டொலருக்கும் அதிகமான செலவில் ஒரு தொழிற்சாலையையே நிறுவனம் கட்டியது. விண்வெளிக்கு மனிதனை முதலில் அனுப்பிய நாட்டில், ஒரு பர்கர் செய்வதற்கு இத்தனை ஏற்பாடுகள் தேவைப்பட்டன.

கடையில் ரூபிள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதுமை இங்குதான் இருந்தது. அக்கால மொஸ்கோவில் நல்ல வெளிநாட்டுப் பொருட்கள் கிடைத்த கடைகள் அந்நியச் செலாவணி வைத்திருந்தோருக்கானவை. சாதாரண சோவியத் பிரஜைக்கு அவை எட்டாதவை. இங்கோ, சொந்த நாட்டு நாணயத்துடன் வந்த எவரும் வாடிக்கையாளரே. விலை மலிவல்ல. பிக் மக் ஒன்று 3 ரூபிள் 75 கோபெக். சுரங்க ரயிலில் ஒரு பயணத்துக்கு 5 கோபெக் கட்டணம் இருந்த நாட்களில், அது 75 பயணங்களுக்கான பணம். ஆயினும் மக்கள் கொடுத்தனர். பர்கரை எப்படிப் பிடிப்பதென்று தெரியாது, அடுக்கடுக்காகப் பிரித்து உண்டோரும் இருந்தனர். உண்டபின் அட்டைப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுசென்றோரும் உண்டு.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் மறைந்தது. மேற்குலக எழுத்தாளர் பலர் புஷ்கின் சதுக்கத்து வரிசையில் ஒரு சகாப்தத்தின் வெற்றியைக் கண்டனர். மக்டொனால்ட்ஸ் உள்ள இரு நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை என்ற கருத்தை அமெரிக்கப் பத்திரிகையாளர் தோமஸ் ஃபிரீட்மன் தொண்ணூறுகளில் முன்வைத்தார். 1999 இல் நேட்டோ விமானங்கள் பெல்கிறேட்டின் மீது குண்டு வீசின. 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரேன் மீது முழு அளவில் படையெடுத்தது. கியேவில் 1997 முதலே மக்டொனால்ட்ஸ் இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் எந்தத் தத்துவத்துக்கும் வாக்களிக்க வந்தவர்களல்லர். தம் கையிலிருந்த பணத்துக்கு மதிப்புண்டு என்பதை ஒரு வேளை உணவின் மூலமாவது அறிய வந்தவர்கள். அவர்களின் சிறிய ஆசையின் மீது பெரிய நம்பிக்கைகளை ஏற்றியவர்கள் மற்றவர்களே.

2022 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ் தனது ரஷ்யக் கிளைகளை மூடியது. அப்போது அங்கு ஏறத்தாழ 850 கிளைகளும் 62,000 ஊழியர்களும் இருந்தனர். அலெக்சாண்டர் கோவர் என்ற ரஷ்ய வர்த்தகர் அவற்றை வாங்கினார். ஜூன் 12 அன்று, 'சுவையானது, அவ்வளவுதான்' என்று பொருள்படும் ரஷ்யப் பெயருடன் புஷ்கின் சதுக்கத்துக் கடை மீண்டும் திறக்கப்பட்டது. மக்கள் மறுபடியும் வரிசையில் நின்றனர். உணவுப் பட்டியலில் பிக் மக் இருக்கவில்லை.